மோட்டார்ஹோம் வாசப்படி ஆட ஆரம்பிச்சா: பழசக் கழட்டுறதுலேருந்து புதுசு மாட்டுற வரைக்கும் முழு வழிகாட்டி

மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு சாமிங்க தீர்த்தவாரிக்கு வர்றதப் பார்க்கணும்னு அம்மா ஆசப்பட்டாங்க, அதனால முதல் நாள் ராத்திரியே வண்டியக் கொண்டு போய் நிறுத்திட்டு உள்ளயே படுத்துட்டோம். எங்களோடது டெம்போ டிராவலர் பாடில கட்டில், அடுப்பு, தண்ணி டேங்க்லாம் வெச்சு மாத்துன மோட்டார்ஹோம். விடியக்காலைல அம்மா கதவத் திறந்து படில கால வெச்சதும் படி அப்படியே இடது பக்கம் சாஞ்சிடுச்சு. கதவுக் கைப்பிடிய கெட்டியா புடிச்சிக்கிட்டதால விழல, ஆனா கணுக்கால் பிசகி ரெண்டு வாரம் நடக்க முடியாம இருந்தாங்க. அந்தப் படி ரெண்டு மூணு மாசமாவே லேசா ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு. தட்டு நல்லாதானே இருக்குன்னு நான் விட்டுட்டேன். அதனாலதான் இத இவ்வளவு விலாவாரியா எழுதுறேன்.

வண்டிய அரியாங்குப்பம் பக்கத்துல ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போனேன். அங்க இருந்த அண்ணன் கீழ படுத்துப் பார்த்துட்டு சொன்னது இதுதான்: "தம்பி, தட்டு நல்லாதான் இருக்குது, அதப் புடிச்சிக்கினு இருக்கிற பிராக்கெட்டுதான் போயிடுச்சு." இந்த ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கோங்க. படி தேயிறது நம்ம கண்ணுக்குத் தெரியிற மேல்தட்டுல இல்ல, வண்டிக்கு அடில, போல்ட்டு ஓட்டைலயும் பின்னுலயும்தான்.

ஏன் அங்க போகுதுன்னா ஒரு சின்ன கணக்கு இருக்கு. படியோட வெளி ஓரம் பிராக்கெட்டுலேருந்து 45 சென்டி தள்ளி இருக்குன்னு வெச்சுக்கோங்க, அதுல 80 கிலோ ஆள் நிக்கிறாரு. பிராக்கெட்டுல மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவுல 15 சென்டி. 80ஐ 45ஆல பெருக்கி 15ஆல வகுத்தா 240. அதாவது 80 கிலோ ஆள் சும்மா நின்னாலே மேல் போல்ட்டுங்கள 240 கிலோ இழுக்குது. பசங்க குதிச்சு இறங்கினா இன்னும் அதிகம். இதுக்கு மேல நம்ம ஊர் உப்புக் காத்து வேற. பாண்டிலேருந்து கடலூர் வரைக்கும் கடலோரமாவே ஓடுற வண்டிக்கு அடியில எந்த இரும்பும் சும்மா இருக்காது. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையக் கடந்தப்போ ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழ கொட்டுச்சு, ஞாபகம் இருக்கும். எங்க தெருவுல முழங்காலளவு தண்ணி நின்னுச்சு, வண்டியும் அதுலதான் நின்னுச்சு. அதுக்கப்புறம் நான் அடியில கழுவவே இல்ல, அதுதான் பெரிய தப்பு.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல எது போயிருக்குன்னு பாருங்க

வண்டிய சமதரைல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வெச்சுட்டுதான் கீழ போகணும். ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடில யாரும் படுக்காதீங்க. இந்த வேலைக்கு வண்டியத் தூக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்ல.

ஒருத்தர மேல படில நிக்க வெச்சு மெதுவா முன்னும் பின்னும் அசையச் சொல்லிட்டு, நீங்க பக்கவாட்டுல தள்ளி உக்காந்து டார்ச் அடிச்சு பாருங்க. மூணு இடத்துல எங்க அசையுதுன்னு கவனிக்கணும். தட்டுக்கும் அதத் தாங்குற இரும்புப் பட்டைக்கும் (இதக் கைன்னு சொல்லுவாங்க) நடுவுல இருக்கிற பின்னு மட்டும் ஆடினா புஷ், அதாவது பின்னு உள்ள சுத்துற குழல், தேஞ்சிருக்கு, அது சின்ன வேல. பிராக்கெட்டும் சேசிஸும் சேர்ற இடத்துல அசைஞ்சா போல்ட்டு ஓட்டை நீள்வட்டமா ஆயிருக்கும். சேசிஸ் குறுக்குச் சட்டமே வளைஞ்சா அதுதான் ஆபத்து, அங்க புதுப் படிய மாட்டினாலும் நிக்காது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, சுத்தியால தட்டியும் பாருங்க. நல்ல இரும்பு கணீர்னு சத்தம் குடுக்கும், துரு தின்ன இரும்பு பொத்துன்னு செத்த சத்தம் குடுக்கும், செதில் செதிலா உதிரும்.

எங்களோடதுல பின்னும் போயிருந்துச்சு, பிராக்கெட்டும் போயிருந்துச்சு, சேசிஸ் நல்லா இருந்துச்சு. பழசு மோட்டார்ல வெளிய வர்ற 12 வோல்ட் எலக்ட்ரிக் படி, வெள்ளத்துக்கு அப்புறம் மோட்டார் திக்கித் திக்கிதான் ஓடிட்டு இருந்துச்சு. அதனால எல்லாத்தையும் எடுத்துட்டு கையால இழுத்துப் போடுற ரெண்டு தட்டு படியா மாத்திட்டேன். கடலோரத்துல சுத்துற வண்டிக்கு கையால போடுறதுதான் சரின்றது என்னோட முடிவு. மணலும் உப்பும் சேர்ந்தா மோட்டாரும் சுவிட்சும் ரொம்ப நாள் தாங்குறதில்ல.

அளவு எடுக்கிறது

இதுல அவசரப்படாதீங்க, பாதி வேல இங்கதான் இருக்கு. வாசல் தரைலேருந்து எவ்வளவு உயரம்னு ரெண்டு தடவ அளக்கணும், வண்டி காலியா இருக்கும்போது ஒரு தடவ, தண்ணி டேங்க் ரொப்பி ஆளுங்க உக்காந்த பிறகு ஒரு தடவ. 100 லிட்டர் டேங்க்னா அதுவே 100 கிலோ, ஸ்பிரிங் இறங்கும். எங்க வண்டில 3 சென்டி வித்தியாசம் வந்துச்சு. லோடு இருக்கும்போது 63 சென்டி. ரெண்டு தட்டு போட்டா ஏற வேண்டியது மூணு தடவ, அப்போ ஒவ்வொண்ணும் 21 சென்டி. கீழ்த்தட்டு தரைலேருந்து 21ல, மேல்தட்டு 42ல. மூணு உயரமும் ஒண்ணா இருக்கணும், ஒண்ணு 18 ஒண்ணு 25ன்னு இருந்தா இருட்டுல கால் தடுக்கும், வயசானவங்களுக்கு முட்டி வலிக்கும். பழைய படில ஒரே தட்டுதான், முதல் அடி 35 சென்டி. அம்மா எப்பவும் ஒருக்களிச்சு இறங்குனதுக்குக் காரணம் அளந்து பார்த்தப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது.

அகலம் 55 சென்டி, ஆழம் 25 சென்டி வெச்சேன். ஆழம் 25க்கு கீழ போனா முழுப் பாதமும் பதியாது. மடிச்சு உள்ள தள்ளினப்புறம் படி பாடியத் தாண்டி ஒரு சென்டி கூட வெளிய நீட்டக் கூடாது, வேகத்தடைல இடிக்காத அளவுக்கு மேலயும் இருக்கணும். பக்கத்துல டீசல் டேங்க், பிரேக் பைப், கேஸ் டியூப், அழுக்குத் தண்ணி டேங்க் எது எங்க போகுதுன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு வெச்சுக்கோங்க, ஃபோன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க.

எந்த இரும்பு வாங்குறது

கடைல போனதும் சதுர பைப் வாங்கச் சொல்லுவாங்க, லேசா இருக்கும், பார்க்கவும் அழகா இருக்கும். நான் வேணாம்னு சொல்லுவேன். பைப்புக்கு உள்ள உப்புத் தண்ணி போனா வெளிய வராது, உள்ளேருந்து தின்னும், வெளில பெயிண்ட் பளபளன்னு இருக்கும்போதே ஒரு நாள் மடங்கிடும். எங்க பழைய பிராக்கெட்டு அப்படித்தான் போச்சு. எல் ஆங்கிள்னா ரெண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் பெயிண்ட் அடிக்கலாம். 40க்கு 40, 5 எம்எம் ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ வரும், ஒரு படிக்கு தாராளமா போதும். கைகளுக்கு 40க்கு 6 எம்எம் பட்டை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல செஞ்சிடலாமேன்னு கேப்பீங்க. செய்யலாம், ஆனா சாதாரணமா கிடைக்கிற 304 கடல் காத்துல பழுப்பு பூக்கும், புள்ளிப் புள்ளியா குழி விழும். மாலிப்டினம் கலந்த 316தான் உப்ப நல்லா தாங்கும், விலை கூடுதல். நான் சட்டத்துக்கு சாதா இரும்பு, தட்டைப் பிடிக்கிற நட்டு போல்ட்டுக்கு மட்டும் 316னு பிரிச்சுக்கிட்டேன்.

தட்டுக்கு 3 எம்எம் அலுமினிய செக்கர் பிளேட். 55க்கு 25 சைஸ்ல இரும்புல வெட்டினா ஒரு தட்டு மூணு கிலோவுக்கு மேல, அலுமினியம்னா ஒண்ணேகால் கிலோகிட்ட. தினமும் கையால இழுத்து மடிக்கிறவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனா அலுமினியத்த இரும்பு மேல நேரா வெச்சு முடுக்காதீங்க. ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல உப்புத் தண்ணி இருந்தா பேட்டரி மாதிரி வேல செஞ்சு அலுமினியம் வெள்ளப் பொடியா உதிர ஆரம்பிச்சிடும். நடுவுல ரப்பர் ஷீட் வைக்கணும், கிடைக்கலன்னா பழைய சைக்கிள் டியூப்ப வெட்டி வெச்சாலும் போதும். போல்ட்டுக்கு அடில நைலான் வாஷர்.

பின்னும் புஷ்ஷும் லேத் பட்டறைல கடைஞ்சு வாங்குங்க. பின்னு 12 எம்எம். புஷ்ஷுக்கு கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) போட்டு கிரீஸ் நிப்பிள் வைக்கலாம்னு சொன்னாங்க, நல்ல ரோட்டுல மட்டும் ஓடுற வண்டிக்கு அது சரி. ஆனா கடற்கரைல கிரீஸ்ல மணல் ஒட்டிக்கிட்டு உப்புத்தாள் மாதிரி பின்னையே தேய்ச்சிடும். அதனால நைலான் புஷ் போட்டேன், கிரீஸே இல்லாம ஓடும். நைலான் ஈரம் குடிச்சா லேசா உப்பும், அதனால பின்னுக்கும் புஷ்ஷுக்கும் 0.3 எம்எம் இடம் விடச் சொல்லுங்க, இல்லன்னா மழைக் காலத்துல படி இறுகிக்கும்.

பழசக் கழட்டுறது

முந்தின நாள் சாயங்காலமே எல்லா நட்டுலயும் துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க. காலைல இன்னொரு தடவ. எலக்ட்ரிக் படின்னா முதல்ல பேட்டரி நெகட்டிவ் வயரக் கழட்டிட்டு, மோட்டார் கனெக்டர எடுத்து டேப் சுத்துங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி படிக்கு அடில கட்டை அடுக்கி முட்டுக் குடுங்க. பழைய எலக்ட்ரிக் படி மோட்டாரோட சேர்த்து நல்ல கனம், கடைசி போல்ட்டு வர்றப்போ அப்படியே மூஞ்சி மேல விழும். 10 எம்எம் போல்ட்டுக்கு பெரும்பாலும் 17 ஸ்பேனர், 8 எம்எம் போல்ட்டுக்கு 13. முனை மழுங்கிடாம இருக்க ரிங் ஸ்பேனர் இல்லன்னா சாக்கெட் போடுங்க. வரலன்னா கிரைண்டர்லதான் வெட்டணும். வெட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடி, கையுறை, பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணி, டேங்க் இருக்கிற பக்கம் ஈரச் சாக்கு தொங்க விடணும், கேஸ் சிலிண்டர வண்டிலேருந்து இறக்கி தூரமா வைக்கணும். உள்ள கட்டிலுக்கு அடில பிளைவுட்டும் ஃபோமும் இருக்கு, பொறி எங்க போய் ஒட்டும்னு சொல்ல முடியாது. வெட்டி முடிச்சு அரை மணி நேரம் யாராவது கூடவே இருங்க.

மாட்டுற இடத்தச் சரி பண்றது

படி போனதும் அந்த இடத்த கம்பி பிரஷ்ஷால சுரண்டி வெறும் இரும்பு தெரியிற வரைக்கும் கொண்டு வாங்க. நீள்வட்டமான ஓட்டைல புது போல்ட்டு போட்டு இறுக்கிட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க, ஆறு மாசத்துல திரும்ப ஆடும். நாங்க பழைய ஓட்டைய வெல்டு வெச்சு அடைச்சு, 10க்கு 10 சென்டி 6 எம்எம் பிளேட் ரெண்டு பக்கமும் வெச்சு சாண்ட்விச் மாதிரி புடிச்சோம். முக்கியமா சொல்றேன், வண்டியோட நீளச் சட்டத்தோட மேல் ஓரத்துலயும் கீழ் ஓரத்துலயும் புதுசா ஓட்டை போடாதீங்க, பாரத்த தாங்குறதே அந்த ஓரம்தான். குறுக்குச் சட்டம், ஏற்கெனவே இருக்கிற பிராக்கெட்டு, இல்ல சட்டத்தோட செங்குத்து நடுப்பகுதி, அங்கதான்.

வண்டி மேலயே வெல்டு வைக்கணும்னா பேட்டரி ரெண்டு வயரையும் கழட்டி, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் எடுத்துட்டு, எர்த் கிளாம்ப்ப வெல்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டச் சொல்லுங்க. எங்கயோ பம்பர்ல மாட்டினா கரண்டு வண்டி முழுக்க சுத்தி வரும். மத்த எல்லா வெல்டிங்கும் கீழ டேபிள் மேல முடிச்சிடறதுதான் நல்லது.

படி செய்யறது

ரெண்டு பக்கமும் ஆங்கிள்ல ஒரு சட்டம், அதுக்குள்ள மேல்தட்டு கைகளோட முன்னாடி வெளிய வரும், அதுமேல மடிச்சு வெச்சிருக்கிற கீழ்த்தட்ட புரட்டி விட்டா இறங்கி நிக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் நாலு பக்கம் ஆங்கிள், நடுவுல ஒரு குறுக்குப் பட்டை கட்டாயம், இல்லன்னா 3 எம்எம் அலுமினியம் நடுவுல தொய்யும். 12 நம்பர் வெல்டிங் ராடுல, அதாவது 2.5 எம்எம் ராடுல, 80 ஆம்பியர் பக்கம் வெச்சு அடிச்சாங்க. புள்ளிப் புள்ளியா வெல்டு வெச்சு விடச் சொல்லாதீங்க, ஜாயின்ட் சுத்தி முழுசா வைக்கச் சொல்லுங்க. விட்ட இடைவெளில உப்புத் தண்ணி தங்கி அங்கேருந்துதான் துரு கிளம்பும். ஜிஐ இரும்பு (துத்தநாகம் பூசினது) எடுத்திருந்தா வெல்டு வைக்கிற இடத்துல மேல் பூச்ச கிரைண்டர்ல எடுத்துட்டு, காத்தோட்டமான இடத்துல வைக்கணும், அந்த வெள்ளப் புகைய இழுத்தா ராத்திரி குளிர் ஜுரம் வரும்.

ஒரு பக்கமா வெல்டு வெச்சுக்கிட்டே போனா சட்டம் முறுக்கிக்கும். மூலைக்கு மூலை மாத்தி மாத்தி வைக்கணும், நடுநடுவுல பின்ன விட்டு ஆட்டி பார்த்துக்கிட்டே இருக்கணும். எங்களோடது ஒரு தடவ முறுக்கி, திரும்ப வெட்டி ஒட்டினோம், அரை நாள் போச்சு.

பெயிண்ட்

ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேல எனாமல் ஒரு கோட்னு பட்டறைல முடிச்சுக் குடுப்பாங்க. கடலோரத்துக்கு அது ஒரு மழைக் காலம்கூட ஒழுங்கா தாங்காது. முதல்ல நல்ல தண்ணில கழுவி காய விடணும். இரும்பு மேல கண்ணுக்குத் தெரியாத உப்பு இருந்தா பெயிண்ட்டுக்கு அடில ஈரத்த இழுத்து கொப்பளம் கொப்பளமா கிளம்பும். போர் தண்ணி உப்பா இருக்கிற வீடுன்னா கேன் தண்ணியே பாருங்க. அப்புறம் தின்னர்ல துடைச்சு, எபாக்சி பிரைமர் ரெண்டு கோட், மேல பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் ரெண்டு கோட். வெல்டு மேலயும் ஆங்கிள் ஓரத்துலயும் தனியா பிரஷ்ஷால ஒரு கோட் கூடுதலா வைங்க, கூர்மையான ஓரத்துல பெயிண்ட் மெல்லிசாதான் நிக்கும். காலைல பனி ஈரத்தோட அடிக்காதீங்க, பத்து பதினோரு மணிக்கு மேல வெயில் ஏறினப்புறம் அடிங்க. ஓட்டைக்கு உள்பக்கமும் பெயிண்ட் போகணும், அதனால ஓட்டை எல்லாம் போட்டு முடிச்சிட்டுதான் பெயிண்ட்.

மாட்டுறது

ஒரு பக்கத்துக்கு நாலு போல்ட்டு, 10 எம்எம், 8.8 கிரேடு, நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்கிறது, சுலபமா லூஸாகாது). முதல்ல எல்லாத்தையும் கையால மாட்டி, படிய இழுத்து நீட்டி மட்டம் பார்த்து, அப்புறம்தான் இறுக்கணும். டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) இருந்தா 45 நியூட்டன் மீட்டர். இறுக்குன நட்டுல பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க, லூஸானா கோடு விலகி இருக்கும், ஒரு பார்வைல தெரிஞ்சிடும்.

தட்டுல 12 எம்எம் ஓட்டை பத்துப் பன்னெண்டு போட்டு விடுங்க, தண்ணியும் மணலும் கீழ போயிடும். ஒட்டுற கிரிப் டேப் மணல்ல ரெண்டு மாசத்துல உரிஞ்சிடுது, நான் போடல. ஓரத்துல மஞ்ச ரேடியம் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினேன், ராத்திரி டார்ச் வெளிச்சத்துல படியோட விளிம்பு பளிச்சுன்னு தெரியுது.

ஆளு ஏறுறதுக்கு முன்னாடி பாரம் வெச்சுப் பாருங்க. 20 லிட்டர் தண்ணி கேன் அஞ்சு வெச்சா 100 கிலோ. கேன் அஞ்சையும் கீழ்த்தட்டுல அடுக்க இடம் பத்தாது, ரெண்ட மேல பலகை போட்டு ஏத்தினேன். அரை மணி நேரம் வெச்சு, முன்னாடியும் பின்னாடியும் தரைலேருந்து அளந்து பாருங்க. பாரத்தோட கொஞ்சம் இறங்கும், எடுத்தப்புறம் பழைய இடத்துக்கு வந்துடணும். வரலன்னா எங்கயோ வளைஞ்சிருக்கு, திரும்ப கழட்டணும்.

மடிக்க மறந்து வண்டிய எடுத்தா

இதுதான் கையால போடுற படியோட பெரிய ஆபத்து. நம்ம ஊர்ல இடது பக்கம்தான் கதவு, இடது பக்கம்தான் டூ வீலரும் சைக்கிளும் நடக்கிறவங்களும். முள்ளோடை, ரெட்டிச்சாவடி பக்கம் பாண்டி ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், நீட்டிக்கிட்டு இருக்கிற இரும்புப் படி ஒருத்தர் காலையே எடுத்துடும். அதனால படி முழுசா உள்ள போனா மட்டும் அமுங்குற மாதிரி ஒரு லிமிட் சுவிட்ச் வெச்சு, சாவி போட்டதும் படி வெளிய இருந்தா டேஷ்போர்டுல பஸ்ஸர் கத்துற மாதிரி ஒயரிங் பண்ணிட்டேன். தண்ணி புகாத சுவிட்சா வாங்குங்க. அதோட படி தானா நழுவி வெளிய வராம இருக்க ஒரு ஸ்பிரிங் பூட்டும் கட்டாயம் வேணும்.

எலக்ட்ரிக் படியே வேணும்னு இருக்கிறவங்க மோட்டார மாத்துறதுக்கு முன்னாடி எர்த் வயரப் பாருங்க. பாதி நேரம் செம்புக் கம்பி பச்ச பூத்துப் போயிருக்கும். மோட்டார் ஓடிட்டு இருக்கும்போது அதோட முனைல வோல்டேஜ் பார்க்கணும், அப்போ பேட்டரி முனைல 12 இருந்தும் மோட்டார் முனைல 9க்கு விழுந்தா வயரோ கனெக்டரோ போயிருக்கு. கதவு ஓரத்துல இருக்கிற காந்த சுவிட்சும் பாருங்க, கதவு தொங்கி இடைவெளி கூடினா படி உள்ள போகாது. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸ் போட்டுடாதீங்க, படி எங்கயோ சிக்குதுன்னு அர்த்தம்.

அப்புறம் பராமரிப்பு. கடற்கரைக்குப் போய்ட்டு வந்தா அன்னிக்கே நல்ல தண்ணிய அடியில அடிச்சு கழுவிடுங்க, பின்னு இருக்கிற இடத்த முக்கியமா. மாசத்துக்கு ஒரு தடவ நட்டு மேல போட்ட கோடு விலகியிருக்கான்னு பார்க்கணும், பெயிண்ட் எங்கயாவது உரிஞ்சிருந்தா அன்னிக்கே சுரண்டி பிரைமர் வைக்கணும். மணல்ல நிறுத்தும்போது கீழ்த்தட்டுக்கு அடில ஒரு பலகையும் கட்டையும் முட்டுக் குடுத்தா பிராக்கெட்டுக்குப் பாதி பாரம் குறையும், கிளம்பும்போது எடுக்கணும்.

படியோட சேர்த்து கதவோரத்துல ஒரு கைப்பிடியும் வெச்சேன், 316 பைப், அம்மா கீழ நின்னா தோளுக்கும் கொஞ்சம் கீழ ஆரம்பிச்சு உள்ள ஏறி நின்னா இடுப்புக்கு மேல வரைக்கும் நீளமா. கடைல குடுக்கிற சின்ன பிடி ஒரே உயரத்துலதான் கைக்கு எட்டும். உயரம் குறிக்கிறதுக்கு அம்மாவையே நிக்க வெச்சு சாக்பீஸ்ல கோடு போட்டோம், உங்க வீட்டுலயும் யாருக்கு அதிகமா வேணுமோ அவங்கள நிக்க வெச்சே குறிச்சுக்கோங்க.